நாற்பத்தோராம் வரி

உட்கார நல்ல நாற்காலியாகக் கொடுத்திருக்கிறீர்கள், ஐயா. எனக்கு முதுகுவலி உண்டு. மேஜைக்கு மேஜை குனிந்து கேபிள் மாட்டியே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுவது சுகமாகத்தான் இருக்கிறது. நடந்ததை முதலிலிருந்து என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். அவசரப்படுத்தாதீர்கள், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது என் வழக்கம்.

பெயிண்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. 'கம்ப்யூட்டர் சார்' என்பார்கள். ஏதாவது ஒன்று நின்றுபோனால் என் தலை உருளும். எல்லாம் ஒழுங்காக ஓடினால் நான் ஒருவன் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, எனக்கென்று என் பதிவேடு இருந்தது. பச்சை அட்டை போட்ட நீளமான நோட்டு. நீங்கள் கைப்பற்றி வைத்திருப்பது அதைத்தான். அது எதற்கென்று தெரியாமல் இந்த வழக்கு விளங்காது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச உள்ளே ஒரு கார்டு வேண்டும். சிலவற்றில் அது போர்டோடு சேர்ந்தே வரும், சிலவற்றில் நாம் தனியாகச் சொருகுவோம். தயாராகும் இடத்திலேயே ஒவ்வொரு கார்டிலும் பன்னிரண்டு எழுத்தில் ஓர் எண்ணைப் பதித்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் இருப்பதை எல்லாம் துடைத்து எறியலாம், பெயரை மாற்றலாம், புதிதாக எல்லாம் போடலாம். அந்த எண் மட்டும் தலையெழுத்து மாதிரி, போகாது. எங்கள் கம்பெனியிலிருந்து வெளியே போகும் எதுவும் என் அறையில் இருக்கும் ஒரு பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். எந்த எண் எத்தனை மணிக்கு எங்கே போனது என்று பெட்டி குறித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு எண் மட்டும்தான் தெரியும். அந்த எண் யாருடையது என்று தெரிந்தது என் பதிவேட்டுக்கு மட்டும். வரிக்கு ஓர் எண், எந்த மேஜை, யார் பெயர், எந்தத் தேதி. மொத்தம் தொண்ணூற்றிரண்டு வரிகள்.

இதைச் செய்யச் சொல்லி யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்பவன் இப்படித்தான் செய்வான் என்று நானாகவே செய்தேன்.

ஆரம்பித்த புதிதில் தபால் பிரிவு அம்மா சண்டைக்கு வந்துவிட்டார். வாய் கொஞ்சம் நீளம். அவருடைய மெஷினுக்குப் பின்னால் நான் டார்ச் அடித்து எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"எம் பேரு எதுக்கு சார் அதுல?"

"இந்த நம்பர் உங்க மெஷினோடதும்மா. யாரோடதுன்னு தெரிய வேண்டாமா?"

"மெஷினுக்கு நம்பர் இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு நேரா எம் பேரை எழுதிட்டா, அது செய்யிறதெல்லாம் நான் செஞ்சதா ஆயிடாதா? நான் சாப்பிடப் போன நேரத்துல எவனாவது உக்காந்து எதையாவது தட்டினா? அந்த நம்பருக்கு என் மூஞ்சி தெரியுமா?"

"தப்பு செய்யாதவங்களுக்கு என்னம்மா பயம்?"

"தப்பு செய்யாதவங்களுக்குத்தான் சார் பயம். செஞ்சவன் உஷாரா இருப்பான்."

எனக்குச் சுருக்கென்றது. அப்போது அங்கே தபால் கொடுக்க வந்திருந்த ஸ்டோர்கீப்பர்தான் நடுவில் புகுந்தார். இடுப்பில் எந்நேரமும் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். அதனால் கம்பெனி முழுக்க அவருக்குச் 'சாவி' என்றுதான் பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்ததோடு சரி.

"விடுங்கக்கா. அண்ணன் நோட்டுல இருந்தா நம்ம வீட்டு பீரோவுல வச்ச மாதிரி."

"பீரோ சரி. பூட்டித் திறக்கறது யாரு?"

"அதுக்குத்தானே நான் இருக்கேன்" என்று சாவி தன் கொத்தைக் குலுக்கிக் காட்டினார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே கையை நீட்டி "எழுதித் தொலைங்க" என்றார். நல்ல மனுஷர் சாவி. யாரும் யாரோடும் முகம் கோணக் கூடாது அவருக்கு. அவருடைய வரியை நான் எழுதும்போது பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார். அது நாற்பத்தோராவது வரி.

நான்கு மாதத்துக்கு முன் கலவைத் தொட்டியைக் கழுவ இறங்கிய இரண்டு ஆட்கள் உள்ளேயே மூச்சடைத்து இறந்துபோனார்கள். இருவரும் மேஸ்திரியின் ஆட்கள். எங்கள் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் ஆள் அனுப்புகிறவர் அவர்தான். தொட்டிக்குள் காற்றைச் சோதித்த பிறகே இறங்கவிட்டோம், முகமூடி கொடுத்தோம், அவர்களாகவே கழற்றிவிட்டார்கள் என்று கம்பெனி சொன்னது. சோதித்ததற்கு லேபிலிருந்து ஒரு தாள் இருந்தது. முகமூடி கொடுத்ததற்கு ஒரு சீட்டு இருந்தது. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். எல்லாம் பூசி மெழுகியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

பிறகு தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு மெயில் போயிற்று. 'அன்று காற்றைச் சோதிக்கவே இல்லை. தாள் மறுநாள் எழுதியது. முகமூடிகள் ஒரு வருஷமாக ஸ்டோரில் பெட்டி பிரிக்காமல் கிடக்கின்றன, வந்து பாருங்கள்.' கீழே பெயர் இல்லை. அந்தத் துறையில் எங்கள் முதலாளிக்கு வேண்டப்பட்டவர் ஒருவர் இருந்தார். இரண்டே நாளில் மெயிலின் நகல் முதலாளியின் கைக்கு வந்துவிட்டது. அனுப்பிய இடம் எங்கள் கம்பெனியின் லைன்தான் என்பதும் அதில் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். மேஸ்திரியும் உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நார் நாராக எடுத்துச் சுத்தம் செய்து, ஒவ்வொரு சுளையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாருன்னு உன்னால கண்டுபிடிக்க முடியுமா?" என்றார் முதலாளி.

"முடியும்ங்க."

"எப்படி? பேரே இல்லையே."

நான் பெட்டியைப் பற்றியும் எண்ணைப் பற்றியும் பதிவேட்டைப் பற்றியும் சொன்னேன். முதலாளி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார். மேஸ்திரி பழம் தின்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நம்பரா? இவ்வளவு நாள் இதச் சொல்லவே இல்லையே சார் நீங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

அந்த மேஸ்திரி எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லப்போவதில்லை. கம்பெனிக் கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்று வெளியே பேசிய லாரி டிரைவர் ஒருவரை, மூன்று வருஷத்துக்கு முன் மேஸ்திரியின் ஆட்கள் கூப்பிட்டுப் 'பேசினார்கள்'. அந்த டிரைவர் இப்போது எதிர்வாடை சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிறார். அவர் எழுந்து நிற்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். நான் தினமும் அந்த ஸ்டாண்டில்தான் வண்டி விடுவேன். ஆகவே நான் சொல்லப்போகும் பெயருக்கு உரியவருக்கு என்ன ஆகும் என்பது தெரிந்தேதான் அந்த அறையிலிருந்து வெளியே வந்தேன். நாளைக் காலை பத்து மணிக்குள் பெயர் வேண்டும் என்றார்கள்.

கால் மணி நேர வேலை. மெயில் போன நாள், மதியம் ஒன்று பத்து. பெட்டியில் அந்த நேரத்தில் ஒரே ஓர் எண்தான் அந்த மெயில் தளத்துக்குப் போயிருந்தது. அனுப்பியவர் கெட்டிக்காரர். புதிதாக ஒரு மெயில் கணக்கு தொடங்கி, மெஷினின் பெயரை மாற்றிவைத்து, அனுப்பிய பின் சுவடெல்லாம் துடைத்திருந்தார். எண்ணைப் பற்றி மட்டும் அவருக்குத் தெரியவில்லை. நான் பதிவேட்டைப் புரட்டினேன். நாற்பத்தோராம் வரி. ஸ்டோர். சாவியின் பெயர்.

உங்களிடம் எதையும் மறைப்பதாக இல்லை. அப்போது எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை, சந்தோஷம். இத்தனை வருஷமாகக் குனிந்து நிமிர்ந்து எழுதியது வீண் போகவில்லை என்ற சந்தோஷம். சாவியை நினைத்து வருத்தம் வந்தது அதற்கப்புறம்தான்.

ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஸ்டோருக்குப் போனேன். சந்தேகத்தால் இல்லை. நேரில் பார்க்காமல் நான் எதையும் சொல்ல மாட்டேன். சாவி ஏணி மேல் நின்று பிரஷ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. என்ன, மெஷினுக்கு உடம்பு சரியில்லையா?"

"சும்மா பாத்துட்டுப் போறேன்."

"பாருங்க, பாருங்க. அது என்னைக்கு என் பேச்சக் கேட்டுருக்கு. நீங்க தொட்டாத்தான் ஒழுங்கா ஓடும். ஆமா, பேத்தி நடக்க ஆரம்பிச்சாச்சா?"

"ஓடறா."

"அடி சக்கை. கூட்டிட்டு வாங்க ஒரு நாள்."

நான் மெஷினின் பின்பக்கம் டார்ச் அடித்தேன். கார்டு சொருகியிருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கேபிள் போர்டோடு வந்த பழைய துளையில் மாட்டியிருந்தது. டார்ச்சை இன்னொரு தடவை உள்ளே அடித்துப் பார்த்தேன். பிறகு நினைவு வந்தது.

சாவியின் மெஷினில் போர்டோடு வந்தது சரியில்லை என்று தனியாக ஒரு கார்டு போட்டேன். அதைத்தான் நாற்பத்தோராம் வரியில் எழுதியிருந்தேன். பிறகு பார்த்தால் கோளாறு கேபிளில் இருந்தது. கார்டு அங்கே தண்டமாக இருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு நாள் இடி இறங்கி லேபில் ஒரு மெஷின் நெட்வொர்க் இல்லாமல் நின்றுவிட்டது. அந்த மெஷின்காரர் அன்று லீவு. திரும்பி வரும்போது கஷ்டப்படக் கூடாதே என்று சாவியின் மெஷினிலிருந்து கார்டைக் கழற்றி அங்கே சொருகினேன். சொருகி முடிக்கவும் மருத்துவமனையிலிருந்து போன் வரவும் சரியாக இருந்தது. என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. போட்டது போட்டபடி ஓடினேன். திங்கட்கிழமை வந்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எழுத மறந்தது அந்த ஒரு வரிதான்.

அன்று லீவில் இருந்த லேப்காரர் என் மாப்பிள்ளை. மகளோடு மருத்துவமனையில் இருந்தார்.

லேபுக்குப் போனேன். மாப்பிள்ளை கண்ணாடிக் குடுவையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மெஷினின் பின்னால் குனிந்தேன். கார்டு அங்கே இருந்தது. அதன் விளிம்பில் என் கையெழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: 41.

"என்ன மாமா, மெஷின்ல ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல மாப்ள. தூசியாக் கெடக்கு."

அவர் குடுவையைக் கீழே வைத்தார். அந்தச் சோதனைத் தாளில் கையெழுத்துப் போடச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தினார்கள் என்பதும், அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதும் மகள் சொல்லி எனக்குத் தெரியும். நான் மேஜையைத் துணியால் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போனேன். பேத்தி என் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு வீடெல்லாம் இழுத்து இழுத்து நடந்தாள். மகள் துணி மடித்துக்கொண்டே மாப்பிள்ளைக்குத் தூக்கம் இல்லை என்று புலம்பினாள். அவளுக்கு அம்மா இல்லை. ஐந்து வயதிலிருந்து தலை பின்னிவிட்டு வளர்த்தவன் நான். அவளுடைய கணவர் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழித்தபடி உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று மாப்பிள்ளை, இன்னொன்று சாவி. பெற்றவன் எவனாக இருந்தாலும் என்ன செய்வான் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

புதன்கிழமை காலை பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பதிவேட்டை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன். பெட்டியிலிருந்து அச்செடுத்த தாளை மேஜையில் வைத்தேன். எண்ணின் கீழ் அடிக்கோடு போட்டிருந்தேன். பக்கத்தில் பதிவேட்டை விரித்து, அந்த வரியில் ஸ்கேலை வைத்தேன். நான் யார் பெயரையும் வாயால் சொல்லவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாளிதான் வாசித்தார்.

"ஸ்டோரா? அந்தச் சாவியா?" என்று சிரித்துவிட்டார். "அவனுக்கு மெயில் அனுப்பவே தெரியாதேப்பா."

மேஸ்திரி எழுந்து வந்து வரியைப் பார்த்தார். "முகமூடி பெட்டி பிரிக்கலைன்னு அவனுக்குத்தானே தெரியும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "உறுதியா சார்? மாத்திக்கீத்தி எழுதியிருக்க மாட்டீங்களே?"

"என் நோட்டுல தப்பு வராதுங்க" என்றேன்.

அதைக் கேட்டு முதலாளி தலையாட்டினார். ஒரு காபி கொண்டுவரச் சொன்னார் எனக்கு. குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. பதினொன்றரை மணி இருக்கும். படிக்கட்டில் சாவி எதிரே வந்தார். சட்டையெல்லாம் தூசி. முகத்தில் என்றைக்கும் இல்லாத குழப்பம்.

"அண்ணே, நல்ல வேளை பாத்தேன். பழைய கிடங்குல மேஸ்திரி கூப்பிடறாராம். என் மெஷின் நம்பர் பத்தி ஏதோ பேசணுமாம். எனக்கு அந்த நம்பர் வெங்காயமெல்லாம் என்ன தெரியும்? நீங்களும் ஒரு எட்டு வந்து சொல்லிடுங்களேன்."

பழைய கிடங்கு காம்பவுண்டின் கோடியில் இருக்கிறது. காலி டிரம்களை மூன்றடுக்காக இரும்புத் தட்டில் ஏற்றி வைத்திருப்பார்கள். அங்கே பேசுவதற்கு ஒன்றுமில்லை.

"நீ போ. நான் நோட்டை எடுத்துட்டுப் பின்னாலயே வரேன்" என்றேன்.

"சீக்கிரம் வாங்கண்ணே. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சாவிக்கொத்துச் சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது. நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு இரண்டு மெஷினுக்குப் புதுக் கேபிள் போட வேண்டியிருந்தது. கேபிளை அளந்து வெட்டினேன். ஓர் அங்குலம்கூடத் தப்பாமல் வெட்டினேன்.

பன்னிரண்டு மணி சுமாருக்குக் கிடங்குப் பக்கமிருந்து சத்தம் வந்தது. எல்லோரும் ஓடினார்கள். டிரம் அடுக்கு சரிந்து ஸ்டோர்கீப்பர் மேல் விழுந்துவிட்டது என்றார்கள். தனியாக ஏறிச் சரிபார்த்தாராம், கால் தவறியதாம். அவர் ஏணியில் எப்படி நிற்பார் என்று எனக்குத் தெரியும். கால் தவறுகிற ஆள் இல்லை. பின்னால் நீங்கள் உடலைப் பரிசோதித்ததில் விரல்கள் ஒவ்வொன்றாக முறிந்திருந்தன என்று சொன்னீர்கள். அவர் செய்யாத ஒன்றை ஒப்புக்கொள்ளச் சொல்லி அத்தனை நேரம் கேட்டிருப்பார்கள் என்றால், அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். அண்ணன் வருவார், வந்து சொல்வார் என்றுதான் சொல்லியிருப்பார்.

அவருடைய மனைவி இரண்டு மணிக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்கிறவர். ஈரக் கையைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அண்ணா, காலையில கூட உங்களப் பத்திதான் பேசிட்டுப் போனாரு. உங்க பேத்திக்கு ஒரு மர வண்டி செய்யணும்னாரு" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. நடிக்கவில்லை, ஐயா. அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

அவர் வருவதற்குச் சற்று முன் நான் இன்னொரு வேலையும் செய்தேன். எல்லோரும் கிடங்கில் இருந்தார்கள், லேபில் ஆளில்லை, ஸ்டோர் திறந்தே கிடந்தது. லேபுக்குப் போய் மாப்பிள்ளையின் மெஷினிலிருந்து அந்தக் கார்டைக் கழற்றினேன். கொண்டுபோய்ச் சாவியின் மெஷினில், அது முதலில் இருந்த அதே இடத்தில் சொருகினேன். கேபிளை அதில் மாட்டினேன். பதிவேட்டில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே ஆகிவிட்டது. இரண்டு திருகாணி, நான்கு நிமிஷம்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன் என்று சொன்னீர்கள். சாவி இறந்தது பன்னிரண்டு மணிக்கு. அவருடைய எண் என்று நான் காட்டிய எண், லேபின் வேலைகளுக்காக மதியம் ஒன்றே முக்கால் வரை பெட்டியில் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. என் பெட்டியே என்னைக் காட்டிக்கொடுத்தது. நல்ல பெட்டி அது. குறை சொல்ல மாட்டேன்.

பெட்டியைப் பார்க்கும்படி உங்களிடம் சொன்னவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வேலைக்கு வந்தபோது அவருடைய மெஷினில் நெட்வொர்க் இல்லை. பின்னால் பார்த்திருக்கிறார், கார்டு இருந்த இடம் காலி. செவ்வாய்க்கிழமை நான் குனிந்து பார்த்ததும், வியாழக்கிழமை சாவி செத்ததும், வெள்ளிக்கிழமை கார்டு இல்லாததும் அவருக்குக் கோத்துக்கொண்டன. படித்த பிள்ளை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் நேராக உங்களிடம் வந்துவிட்டார். மெயிலை அனுப்பியது நான்தான், எனக்குப் பதிலாக ஒருவர் செத்துவிட்டார் என்று சொல்லி அழுதாராம். நான் எதற்காக இத்தனையும் செய்தேனோ அவரே வந்து சொல்லிவிட்டார். முதலாளியும் மேஸ்திரியும் உள்ளே போனது அதனால்தான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நேற்று மகள் வந்தாள். குழந்தையைக் கூட்டி வரவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"எங்களக் காப்பாத்தத்தான் செஞ்சீங்கன்னு சொல்றீங்களாமே" என்றாள்.

"ஆமாம்மா. வேற யாருக்கு?"

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமேப்பா."

"என்னது?"

"கார்ட மாத்திப் போட்டேன், எழுத மறந்துட்டேன், இந்த நோட்ட வச்சு யாருன்னு சொல்ல முடியாதுன்னு ஒரு வார்த்த. அவரும் தப்பிச்சிருப்பாரு, அந்த மனுஷனும் தப்பிச்சிருப்பாரு. அது உங்களுக்குத் தோணவே இல்லையா?"

உனக்கு வேலையைப் பற்றி என்ன தெரியும் என்று சொன்னேன். அவள் அழவில்லை. முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு போனாள். இனி வர மாட்டாள் என்று நினைக்கிறேன். அவளை எனக்குத் தெரியும்.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும், அதனால் இங்கே சரிசெய்கிறேன். மூன்று இருந்தது. மூன்றாவதும் எனக்கு அன்றே தோன்றியது. ஸ்டோரில் டார்ச்சோடு குனிந்திருந்தபோதே தோன்றியது. சொல்லியிருந்தால் முதலாளி அரை மணி நேரம் கத்தியிருப்பார். மேஸ்திரி ஆரஞ்சுத் தோலைக் குப்பையில் போட்டுவிட்டு எழுந்து போயிருப்பார். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஆள் எழுதியது ஒன்றுக்கும் உதவாது என்று கம்பெனி முழுக்கப் பேச்சாகியிருக்கும். தபால் பிரிவு அம்மா வாய்விட்டுச் சிரித்திருப்பார். யாரும் செத்திருக்க மாட்டார்கள். உறுதியா என்று மேஸ்திரி கேட்டபோது அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. எண் இருக்கிறது, வரி இருக்கிறது, என் கையெழுத்து இருக்கிறது. அதை எல்லாம் வைத்துக்கொண்டு எப்படித் தெரியாது என்று சொல்வது?

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். அந்த மெயிலை ஸ்டோர்கீப்பர் அனுப்பவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அவருடைய வரியைக் காட்டினேன். கிடங்குக்கு அவரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்பது தெரியும். தெரிந்தே அனுப்பினேன். இதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், மேல்முறையீடு செய்ய மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பதிவேட்டை நீதிமன்றத்தில் வைக்கும்போது தவறான பதிவேடு என்று குறிப்பு எழுதிவிடாதீர்கள். யாரையாவது டார்ச்சோடு அனுப்பி மேஜை மேஜையாகப் பார்க்கச் சொல்லுங்கள். வியாழக்கிழமை மதியத்திலிருந்து தொண்ணூற்றிரண்டு வரியும் சரியாக இருக்கிறது.